அசைந்தால் இரை

அந்த மதியம் வீட்டில் இருந்தவர்கள்: பல் செட் வார்க்கிற அவன், துணி தைக்கிற அவன் மனைவி, அவனுடைய அக்கா, ஜாடிக்கு ஒன்றாகக் கும்பிடுபூச்சிகள், கண்ணாடித் தொட்டியில் ஓர் இறால்.

இறாலின் சத்தம் கேட்கவில்லை. மனைவியை முதலில் உறுத்தியது அதுதான். குழம்பில் போடுகிற இறால் அல்ல அது. மயில் நிறத்தில், முன்கைகளை மடக்கி வைத்துக்கொண்டு, நத்தை ஓட்டை ஒரே குத்தில் பெயர்த்துவிடும் ஜந்து. யார் நடமாடினாலும் கண்ணாடியில் டொக் டொக்கென்று குத்தும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் அவள் படுத்து எழுந்தாள். இன்று, அவன் இவற்றை வளர்க்கிற பின்னறையின் கதவிடுக்கில் வாடை மட்டுமே வந்தது. அழுகிய மீன் தண்ணீரும் செத்த வெட்டுக்கிளியும் குளிக்காத ஆம்பிளை உடம்பும் கலந்து, நாக்கில் எண்ணெய்போல ஒட்டிக்கொள்ளும் வாடை. அவள் எச்சிலை விழுங்காமல் துப்பினாள்.

போன மாசம் அவன் ஒரு தப்பு செய்தான். சினையாயிருந்த கும்பிடுபூச்சியின் ஜாடியில் முட்டை வைக்கக் குச்சி போட மறந்து, அதைத் தோளில் உலாவவிட்டு, நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். குச்சி கிடைக்காத பூச்சி அவன் பிடரி மயிரைப் பற்றி, நுரை சுரந்து கூடு கட்டிவிட்டது. அவன் விழித்தபோது அது காய்ந்த சோப்பு நுரை மாதிரி பழுப்பாக இறுகியிருந்தது. வெட்டப் போனவளை அவன் தொடவிடவில்லை. உடம்புச் சூடு அதற்கு நல்லதாம், பொரிகிற வரை இருக்கட்டுமாம். அதன்பின் அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை, கழுத்தையும் திருப்பவில்லை. கூட்டைச் சுற்றித் தோல் புண்ணாகி நீர் வடிந்தது.

இன்று எப்படியும் அதை வெட்டியெடுத்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தையல் கத்தரிக்கோலோடு வந்தவளை அக்கா அறை வாசலிலேயே நிறுத்தினாள். தம்பிக்கு இரை வாங்கிக் கொடுப்பதெல்லாம் அவள்தான். இரண்டு நாளாக எந்தக் கடையிலும் வெட்டுக்கிளி இல்லையென்று காலையில்கூடப் புலம்பியிருந்தாள்.

"அதைக் குடு. கத்தியும் கபடாவுமா போனா மிரள மாட்டானா? கட்டினவ பேச்சைக் கேப்பான், போ."

"பயமா இருக்குக்கா."

"புருஷன்தானே. கடிச்சா தின்னுடப் போறான்?"

கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே கால் வைத்தாள். காலடியில் ஏதோ நொறுங்கியது. சிறகுகள். தரை முழுக்கச் சருகுபோலச் சிறகுகள், முள்முள்ளான கால்கள். ஜாடிகள் மூடியில்லாமல் காலியாகக் கிடந்தன. தொட்டியில் கலங்கல் தண்ணீர் மட்டும்.

அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பிடரியில் கூடு பிளந்திருந்தது. பிளவிலிருந்து மெல்லிய நூல்களில் மஞ்சள் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. சில காலருக்குள் இறங்கின. சில காதுக்குள் போயின. அவன் சொறியவில்லை.

"என்னங்க..."

தலை மட்டும் திரும்பியது. தோள் அசையவில்லை. முகவாய் தோளைத் தாண்டியது. இன்னும் திரும்பியது. முதுகுக்கு நேராக வந்து நின்றது. உதட்டோரத்தில் மயில் நிற ஓடு. பல்லிடுக்கில் ஒரு மீசை, இன்னும் துடித்துக்கொண்டு. நெஞ்சோடு மடங்கியிருந்த கைகள் மெல்ல விரிந்தன.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நடுங்கும் அவள் கையைப் பார்த்தான்.

எப்போதோ அவன் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. செத்ததை அதுங்க தொடாதுடி. அசைஞ்சாதான் இரை. அசையாம நின்னா நீ வெறும் சுவரு.

நின்றாள். மூச்சை நிறுத்தினாள். கையை நிறுத்தினாள். சுவர். வெறும் சுவர். கணுக்காலில் மயிரிழைபோல ஏதோ ஏறியது. ஒன்று. பின் பல. முழங்காலைத் தாண்டின.

முதுகுக்குப் பின்னால், காதோடு ரகசியம் பேசுவதுபோல அக்காவின் குரல்.

"கொஞ்சம் அசையேன்மா. ரெண்டு நாளா பட்டினி கிடக்கான்."

கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி திரும்பியது.