தொண்ணூற்றெட்டாவது கட்டம்

செல்போன் அலறியது!

தங்கச்சாமியும் அலறினார். தூக்கத்தில் இருந்தார் மனிதர். பகல் பதினொன்றரை மணி!

விருதுநகரின் ஒரே தனியார் துப்பறிவாளர். இதுவரை கண்டுபிடித்தது, குடிக்கிற மாப்பிள்ளைகள் நாற்பது பேர். கண்டுபிடிக்க முடியாதது, தன் பைக் சாவி.

"அண்ணாச்சி, ஆர்த்தி பேசுறேன். உங்க தெரு சங்கரபாண்டியன் மக..."

"வெளிநாட்டுலல்ல இருக்க? என்ன தாயி, கொலையா?"

"அதவிட மோசம்! அணுக்களை வேகமா ஓடவிட்டு மோதுற மெஷின்ல நாலு வருஷம் கெடந்து, புது ஐசோடோப் ஒண்ணு கண்டுபிடிச்சோம். எடை எண் தொண்ணூத்தெட்டு. அஞ்சு பேருக்குத்தான் தெரியும்!"

"ஐசோடோப்னா?"

"ஒரே தனிமம்தான் அண்ணாச்சி. எடை மட்டும் வேற."

தங்கச்சாமி சுவரில் இருந்த தன் பழைய கல்யாண போட்டோவைப் பார்த்தார். பிறகு தன் தொந்தியைப் பார்த்தார். புரிந்துவிட்டது!

"சுவர்ல மாட்டுற ஐசோடோப் சார்ட்ட போன வாரம் சிவகாசியில அச்சடிச்சோம். தொண்ணூத்தெட்டுக்கான கட்டத்த காலியாத்தான் அனுப்புனேன். பார்சலப் பிரிச்சா... 98னு இருக்கு! கீழ ஆயுள்கூட இருக்கு, அது எம்புட்டு நேரத்துல சிதையும்னு! ஊர்க்கார அச்சகம், அதனால நான்தான் ரகசியத்த வெளிய விட்டேன்னு எங்க தலைவர் சொல்றாரு. சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியலன்னா என்னைய டீமவிட்டே தூக்கிருவாக..."

ஆர்த்தி அழுதேவிட்டாள். தங்கச்சாமிக்கு ரத்தம் கொதித்தது.

பாய்ந்து பஸ்ஸைப் பிடித்தார். சாவிதான் கிடைக்கவில்லையே!

சிவகாசி. காலண்டர் அச்சகம். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தாள் வேல்விழி.

"எந்த நாட்டு உளவாளிம்மா உனக்கு இந்த நம்பரக் கொடுத்தது?"

"கோவப்படாதீக சார்! தொண்ணூத்தேழுக்கு அடுத்த கட்டம் காலியா இருந்துச்சு. காலண்டர்ல ஒரு தேதி விட்டுப்போனாலே முதலாளி வறுத்து எடுத்துருவாக. அதான் நானே தொண்ணூத்தெட்டு போட்டேன்."

"சரி..." திரையில் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "கீழ 7.30 - 9.00?"

"எல்லாக் கட்டத்துலயும் கீழ ஏதோ டைம் இருந்துச்சு. இது வரிசையில ரெண்டாவது கட்டம். அப்ப திங்கக்கிழமைதான? ராகுகாலம் போட்டேன்!"

தங்கச்சாமி ஸ்பீக்கரைப் போட்டு ஆர்த்தியிடம் சொன்னார். மறுமுனையில் தலைவர் நம்பவில்லை. ஆங்கிலத்தில் கத்தினார். தங்கச்சாமி பயந்து போனைத் தள்ளிப் பிடித்தார்.

திடீரென்று மறுமுனையில் ஏதோ 'பீப்' என்றது...

"அண்ணாச்சி! கம்ப்யூட்டர் இப்பத்தான் ஆயுளக் கணக்குப் போட்டு முடிச்சுச்சு. 8.2 மில்லி செகண்ட்!"

"அப்படின்னா?"

"சார்ட்லயும் மில்லி செகண்ட் கணக்குதான். ஏழரைக்கும் ஒம்பதுக்கும் நடுவுல! சார்ட் அச்சடிச்சப்ப இந்த நம்பர் எங்க யாருக்குமே தெரியாது. தெரியாதத நான் எப்படி வெளிய சொல்ல முடியும்? தலைவரே ஒத்துக்கிட்டாரு!"

ஆர்த்தி அழுதாள். இந்த முறை சந்தோஷத்தில்.

தங்கச்சாமி மீசையை முறுக்கினார். தான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மீசை இருக்கிறதே!

"அண்ணாச்சி... தலைவர் ஒண்ணு கேக்குறாரு. தொண்ணூத்தொம்பதுக்கு ஆயுள் எம்புட்டாம்?"

வேல்விழி திரையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அது செவ்வாக்கெழம சார். மூணுல இருந்து நாலரை. அந்த நேரத்துல மட்டும் மெஷின ஓடவிடாதீகன்னு சொல்லுங்க!"