வெள்ளை சர்வரில் ஒரு கொலை

“கொன்னுட்டாங்க... யாரோ கொன்னுட்டாங்க!”

லரிசா கிம்மின் அலறலில் மூன்றாம் மாடியே அதிர்ந்தது.

டோக்ஜான் ஓடி வந்தாள். அல்மாட்டியில் இருந்த அந்தக் கட்டடக்கலை அலுவலகத்தின் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் அவள் பொறுப்பு.

“யாரை?”

“என் பள்ளிக்கூடத்தை! நானூறு வரைபடம்... ஃபோல்டரையே காணோம்! அஞ்சு மணிக்கு நகராட்சில குடுக்கணும்!”

“எந்த சர்வர்ல வெச்சிருந்தே?”

“உன் அருமை வெள்ளையில தான்!”

டோக்ஜான் மூலையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் திரும்பிப் பார்த்தாள்.

வரைபவர்களிடம் மேக். கணக்குப் பிரிவில் விண்டோஸ். இன்ஜினியர்களிடம் லினக்ஸ். மூன்றுக்கும் பொதுவாக ஒரு சர்வர் வாங்க வேண்டும். ஒரு வாரமாக இரண்டு பெட்டிகளுக்குள் போட்டி!

வெள்ளை, டோக்ஜான் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டியது. கறுப்பு, தவுரன் என்ற விற்பனைக்காரன் கொண்டுவந்து வைத்தது. வெள்ளையில் இருப்பதை மணிக்கொரு தரம் கறுப்பு பிரதி எடுத்துக்கொள்ளும்.

இன்று நான்கு மணிக்குத் தீர்ப்பு.

‘என் பெட்டியில ஒரு ஃபைல் தொலைஞ்சாலும் வேலையை விட்டுடறேன்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தாள்.

“என்ன சத்தம்?” அலுவலகமே ‘அகாய்’, அதாவது ஐயா, என்று கூப்பிடும் முதலாளி கலிம்ஜான் வந்து நின்றார். பின்னாலேயே தவுரன், கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி.

“ஒரு நிமிஷம், அகாய்.” டோக்ஜான் வெள்ளையின் பதிவேட்டைத் திறந்தாள். யார், எப்போது, எதை அழித்தார்கள் என்று அது வரி வரியாகச் சொல்லும்.

சொன்னது.

“பன்னெண்டு இருபது. அழிச்சது... லரிசாவோட மேக்!”

“நானா?” லரிசா சீறினாள். “பன்னெண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் கேன்டீன்ல லக்மான் நூடுல்ஸ் தின்னுட்டிருந்தேன்! எதிர்ல அகாய். பக்கத்துல நீ!”

“ஆமா. நானே சாட்சி” என்றார் கலிம்ஜான். “ஆபீஸே அங்கதான் இருந்துச்சு.”

ஒருவனைத் தவிர...

நான்கு ஜோடிக் கண்களில் மூன்று ஜோடி நான்காவதை நோக்கித் திரும்பின.

தவுரன் ஓரடி பின்வாங்கினான்.

“எ... என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் கொண்டுவந்த சம்சாவைத் தின்னுட்டு ஜன்னல் ஓரமா இருந்தேன். அவ்வளவுதான்!”

“ஜன்னல் என் மேஜைக்குப் பக்கத்துல தானே இருக்கு?” என்றாள் லரிசா.

“அதுக்காக?”

“வெள்ளை செத்தா யாருக்கு லாபம், தம்பி?” கலிம்ஜானின் குரல் தாழ்ந்தது. “உன் கறுப்பைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறியா... இல்ல, போலீஸைக் கூப்பிடட்டுமா?”

“என் மக மேல சத்தியமா நான் தொடலை, அகாய்! டோக்ஜான், நீயாவது சொல்லேன்!”

டோக்ஜான் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். கறுப்புப் பெட்டியில் பன்னிரண்டு மணிப் பிரதியைத் திறந்தாள். கொலைக்கு இருபது நிமிஷம் முந்தியது. வரைபடங்கள் அதில் பத்திரமாக இருக்க வேண்டும்.

இல்லை!

பன்னிரண்டு இருபதுக்குக் கொலை. பன்னிரண்டு மணிக்கே பிணம்?

சட்டென்று வெள்ளையின் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து!

மூன்று நாள் முன்னால், மார்ச் முதல் தேதி, நாடு முழுக்க ஒரே நேரம் என்று அரசாங்கம் அல்மாட்டியை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தது. அலுவலகத்தின் இருபத்து மூன்று கம்ப்யூட்டர்களிலும் அவளே உட்கார்ந்து நேரத்தை மாற்றினாள்.

தான் பெற்ற பிள்ளையை மட்டும் மறந்துவிட்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தவுரன் வெளியே. வெள்ளை உள்ளே. வேலை தப்பும்.

தவுரனின் நெற்றியில் வியர்வை உருண்டது.

சே!

“அவரை விடுங்க, அகாய். வெள்ளையோட கடிகாரம் பழைய நேரத்துல ஓடுது. மாத்தாதது என் தப்பு. கொலை நடந்தது பன்னெண்டு இருபதுக்கு இல்ல... பதினொண்ணு இருபதுக்கு.”

“நான் வந்ததே பன்னெண்டுக்குத் தானே!” தவுரன் துள்ளினான். “வாசல் காவலாளியைக் கேளுங்க!”

“பதினோரு மணிப் பிரதி கறுப்புல இருக்கு. வரைபடம் மொத்தமும் உயிரோட வந்துடும், லரிசா.”

“அப்பாடா! ஆனா பதினொண்ணு இருபதுக்கு நான் பால்கனில சிகரெட் பிடிச்சிட்டிருந்தேனே... என் நாற்காலில யாரு?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருவர் மட்டும் கூரையைப் பார்த்தார்.

“அகாய்...?”

கலிம்ஜான் தொண்டையைச் செருமினார்.

“பள்ளிக்கூடம் எப்படி வந்திருக்குன்னு பாக்கலாம்னு உக்காந்தேன். ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் இருந்துச்சு. எதுக்கு ரெண்டுன்னு ஒண்ணைக் குப்பைத்தொட்டில போட்டேன். வேணும்னா எடுத்துக்கலாமே!”

“ஒண்ணு பழைய நகல், என் மேக்ல கிடந்தது. இன்னொண்ணுதான் சர்வர்ல இருந்த அசல்!” லரிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

“சர்வர்ல இருக்கறதை மேக்லேருந்து தள்ளினா, அது தொட்டிக்கே போகாது, அகாய்” என்றாள் டோக்ஜான். “நேரா சுடுகாடுதான். தள்றதுக்கு முன்னால மெஷின் எதுவும் கேக்கலையா?”

“ஏதோ கேட்டுச்சு. சரின்னுட்டேன்.”

தவுரன் நிம்மதியில் சிரித்தே விட்டான்.

“அப்போ நான் கிளம்பவா, அகாய்?” டோக்ஜான் எழுந்தாள். “தொலைஞ்சது என் பெட்டியில. கடிகாரமும் என் தப்பு. வாக்கு வாக்குதான்.”

“நீ போயிட்டா நான் அழிக்கறதையெல்லாம் எவன் தேடறது? உக்காரு!” கலிம்ஜான் முகம் சிவக்கக் கத்தினார். “ரெண்டு பெட்டியும் இருக்கட்டும். வெள்ளை வேலை பாக்கட்டும், கறுப்பு காவல் காக்கட்டும். நேரத்தை மட்டும் முதல்ல மாத்து!”

“இனிமே சிகரெட் பிடிக்கப் போனா,” என்றாள் லரிசா, “நாற்காலியையும் தூக்கிக்கிட்டுத்தான் போவேன்!”