காராந்தேன் தீவுக்கு ஒரு சாட்சி

குவாதலூப் தீவில், பெத்தி-கனால் படகுத்துறையில் இறங்குபவர்களின் மணிக்கட்டில் நெகிழ்மானியைக் கட்டிவிடுவதுதான் மதலேனின் காலை வேலை. வெள்ளி நிறப் பட்டை, உட்பக்கம் ஒரு சின்ன சென்சார். தளர்வாகக் கட்டினால் ஒன்றும் பதியாது. கட்டும்போதே எந்த ஊர் என்று விசாரித்துக்கொள்வாள். பிறகு எல்லோரையும் பழைய அடிமைச் சிறைக்கு அழைத்துப் போவாள்.

அந்தச் சிறைக்குக் கூரை கிடையாது. உள்ளே முளைத்த அத்திமரம் ஒன்று நான்கு சுவர்களையும் வேர்களால் கட்டிப் பிடித்திருந்தது. கம்பி போட்ட சன்னல் ஒன்று வேருக்குள் பாதி விழுங்கப்பட்டு நின்றது. மதலேன் அங்கே அதிகம் பேச மாட்டாள். "கம்பியப் பிடிச்சுப் பாருங்க. அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்க" என்பாள். நிற்பவர்களின் பட்டைகளில் பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரியும். எரியாதவர்கள் பக்கத்தில் போய், "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று மெல்லக் கேட்பாள். பெரும்பாலும் அதற்கு எரிந்துவிடும்.

எரிந்தாக வேண்டும். கடல் ஏறிவிட்ட கரீபியத் தீவுகளில் எல்லா இடத்துக்கும் அலைவேலி போட மின்சாரம் போதவில்லை. கடலடியில் தூண்கள் நட்டு, அவற்றுக்கு இடையே விசைத்திரையை எழுப்பித் தண்ணீரைத் தடுப்பது பெரிய வேலை. எதைக் காப்பது, எதை விடுவது என்று தீவுகள் மன்றம் பல வருடம் அடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு சட்டம் வந்தது. மனிதனை நெகிழ வைக்கும் இடம் பிழைக்கும், மற்றது கடலுக்கு. நெகிழ்மானியின் கணக்கு நேராகத் தூண்களுக்குப் போகும். இடையில் அதிகாரி யாரும் இல்லாததால் சிபாரிசுக்கும் வழியில்லை. எவ்வளவு நேர்மையான சட்டம் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள்.

மதலேனும் அவள் தம்பி அந்துவானும் காரைக்காலில் பிறந்தவர்கள். காரைக்காலைக் கடல் எடுத்துக்கொண்டபோது, பழைய பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த சில குடும்பங்கள் குவாதலூப்பில் வந்து இறங்கின. அந்தக் குடும்பங்களுக்குப் பல தலைமுறை முன்பே, கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் அதே காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் உண்டு. பவளத்திட்டுக்கு வெளியே இருந்த சின்னத் தீவில்தான் அவர்களை முதலில் இறக்கினார்கள். நோய் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். நோய்க்காகத் தனியே நிறுத்தி வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் அந்தத் தீவைக் காராந்தேன் என்றார்கள். அங்கே ஒரு நீண்ட கல்மண்டபம் இருந்தது. காத்திருந்த காலத்தில் அவர்கள் ஆணியாலும் சிப்பியாலும் சுவரில் தங்கள் பெயரைத் தமிழில் கீறி வைத்திருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் உள்ளங்கையின் வடிவத்தைக் கீறியிருந்தார்கள்.

அந்துவான் அந்தத் தீவுக்குக் காவலாளாகப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். ஆள் வராத இடம். ஆள் வராத இடங்களுக்கு மன்றம் ஒரே ஒரு சாட்சியை அனுப்பும். அந்த ஒருவரின் மணிக்கட்டுத்தான் தீர்ப்பு. காராந்தேனுக்குச் சென்னையிலிருந்து குமணன் வந்தார். பயணக் கதைகள் சொல்லிப் பேர் வாங்கிய மனிதர். தமிழ்ப் பெயர்களைப் பார்த்தால் அழுதுவிடுவார் என்று அந்துவான் நம்பினான். முதல் நாளே சுவரைக் கழுவித் துடைத்து வைத்தான்.

சாட்சி கரையில் கால் வைக்கவே இல்லை. கடற்பயணம் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தவர், படகுக்குள்ளேயே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். தூங்குபவனின் நாடியைத்தான் பட்டை பதிந்துகொண்டது. அன்று படகு ஓட்டிய ரோசாம்போ பிறகு மதலேனிடம் தலை குனிந்து சொன்னான்: "எழுப்பினேன் அக்கா. சும்மா இருடான்னுட்டார்."

வேலி அணைக்கப்பட்ட நாளில் அந்துவான் தீவை விட்டு வர மறுத்தான். கடல் மண்டபத்தின் வழியாக நடந்து போனது. உடல் கிடைக்கவில்லை.

ஆறு வருடம் கழித்து, ஒரு தை மாதக் காலையில், குமணன் அதே படகுத்துறையில் வந்து இறங்கினார். தனியாக வந்திருந்தார். மதலேன் அவர் கையைப் பிடித்துப் பட்டையைக் கட்டினாள். மற்றவர்களிடம் போலவே எந்த ஊர் என்றும் விசாரித்தாள். அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கூட்டம் போற இடமெல்லாம் எனக்கு வேண்டாம்மா. யாருக்கும் தெரியாத இடமா நாலு காட்டுங்க. அதை வச்சுத்தான் புதுசா ஒரு தொடர் பண்றேன்" என்றார்.

"காட்டுறேன் சார்."

சிறையைக் காட்டினாள். மோர்ன்-ஆ-லோ ஊரின் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். குன்றுச் சரிவு முழுக்க வீடுபோலக் கட்டிய கல்லறைகள், எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரங்கக் கட்டம். "செத்தவனுக்கு எவ்வளவு அழகா வீடு கட்டியிருக்கான்!" என்று குமணன் சிரித்தார். பட்டையில் பச்சை மினுங்கி அணைந்தது.

"இதுக்கு முன்ன இந்தப் பக்கம் வந்திருக்கீங்களா சார்?"

"ஒரு தடவை வந்தேன். ஏதோ ஒரு தீவு, பேர்கூட மறந்துபோச்சு. கல்லும் கத்தாழையும்தான். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா அங்க."

அதுவரை அவள் மனத்தில் முழுசாக எதுவும் முடிவாகியிருக்கவில்லை. அந்த வார்த்தையோடு முடிவானது.

"இன்னும் ஒரு இடம் பாக்கி. கடலுக்குள்ள இருக்கு. யாருமே பாத்ததில்ல" என்றாள்.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் வடக்கே எங்கோ அடித்த புயலின் அலை மதியத்துக்கு மேல் வந்து சேரும் என்று காலையிலேயே துறையில் எச்சரிக்கை போட்டிருந்தார்கள். மதலேன் தானே படகை ஓட்டினாள். பவளத்திட்டைத் தாண்டியதும் தண்ணீருக்கு மேல் ஒரு முழ உயரத்தில் மண்டபச் சுவரின் தலை தெரிந்தது. "ஏறி நில்லுங்க சார், நல்லாத் தெரியும்" என்றாள். குமணன் உற்சாகமாக ஏறினார். அவர் திரும்புவதற்குள் படகு விலகிவிட்டது.

"என்னம்மா, எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன். கீழ பாரு."

அந்த 'பாரு' அவரைச் சுருக்கென்று நிமிர வைத்தது. கீழே பார்த்தார். தெளிந்த தண்ணீருக்குள் சுவர் இறங்கிப் போனது. பாசிக்கு நடுவே எழுத்துகள் அசைந்தன.

"தமிழ்..." என்றார்.

"ஆமா. கல்லும் கத்தாழையும். நீ தூங்கின இடம் இதுதான். என் தம்பி உள்ள கிடக்கான். உனக்காகச் சுவரத் தொடச்சு வச்சவன்."

முதல் பேரலை வந்து அவர் முழங்காலில் அடித்தது. குமணன் தடுமாறிக் குந்தினார்.

"எனக்கு உடம்பு முடியல அன்னைக்கு! சத்தியமா முடியல! பட்டை என்ன பதிஞ்சுதுன்னு நான் திரும்பிக்கூடப் பாக்கலம்மா!"

"அதான். திரும்பிக்கூடப் பாக்கல."

"நான் மன்றத்துல சொல்றேன். தப்பா நடந்துபோச்சுன்னு சொல்றேன்..."

"சொல்லி? தண்ணி அவன் மூக்குக்குள்ள போனது திரும்பி வந்துருமா? சுவர்ல ஒரு பேரப் படி. ஒண்ணு படி, கேக்கறேன்."

அடுத்த அலை இடுப்புக்கு வந்தது. குமணன் சுவரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தண்ணீரைத் துப்பிக்கொண்டே படித்தார். "முத்தி... முத்தியாலு... அய்யோ, அம்மா... சின்னத்தாயி..." பெயர்களும் அலறலும் கலந்து வந்தன. மதலேன் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக அவள் நெஞ்சில் இருந்த ஒன்று அந்தக் குரலைக் குடித்தது. இனிப்பாக இருந்தது. அதை அவள் பின்னாளிலும் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய மணிக்கட்டில் பச்சை எரிந்தது. அது மினுங்கி அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது, வெயிலிலும் கண் கூசும்படி.

கடலுக்கு அடியில் உறுமல் கேட்டது. மதலேன் அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தாள். தூண்கள் விழித்துக்கொண்டன. தீவைச் சுற்றிலும் கண்ணாடி வளையம்போலத் திரை எழுந்தது. ஓங்கி வந்த அலை அதன் மேல் மோதி, நின்று, சரிந்தது. உள்ளே இருந்த தண்ணீரைத் தூண்களின் வாய்கள் உறிஞ்சத் தொடங்கின. சுவர் வளர்ந்துகொண்டே போனது. அதன் உச்சியில் ஒரு மனிதர் கட்டிப்பிடித்தபடி விம்மிக்கொண்டிருந்தார். படகு மெல்ல இறங்கிச் சேற்றில் தட்டியது.

பயத்தையும் நெகிழ்வையும் அந்தப் பட்டைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வதும் கண்ணீர் வருவதும் குரல் உடைவதும்தான் அதற்குத் தெரியும்.

குமணன் யாரிடமும் புகார் செய்யவில்லை. செய்தால் படகில் தூங்கியதையும் சொல்ல வேண்டியிருக்கும். மறுநாளே ஊருக்குப் போய்விட்டார். காராந்தேனுக்கு ஒரு வருடத்துக்கு வேலி கிடைத்துவிட்டது என்று மன்றத்தின் அறிவிப்பு வந்தது.

மதலேன் மண்டபத்துக்குள் போனாள். சரிந்த நிலைக்கல்லுக்கு அடியில் அந்துவானின் எலும்புகள் கிடைத்தன. இடுப்பு வாரின் கொக்கியை வைத்துத் தெரிந்துகொண்டாள். கத்தாழை மறுபடி துளிர்த்த மேட்டில் அவனைப் புதைத்தாள். பங்குச்சாமி வந்து மந்திரித்தார். ரோசாம்போ சிலுவை செய்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போய், சுவரில் உள்ள பெயர்களைத் தம்பிக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பழி தீர்ந்துவிட்டது என்றே நினைத்தாள்.

இரண்டு மூன்று படகுக்காரர்கள் அவளிடம் வந்து, ஆள் வராத தீவுக்கு எப்படி வேலி வாங்கினாய் என்று கேட்டார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

வருகிறவர்களைக் காராந்தேனுக்கும் கூட்டிப் போனாள். கம்பியைப் பிடிக்கச் சொல்வதுபோல் கைவடிவங்களின் மேல் கை வைக்கச் சொன்னாள். பிள்ளைகள் இருக்கா என்று கேட்டாள். சிலருக்கு எரிந்தது, பலருக்கு மினுங்கி அணைந்தது. தூண்களின் உறுமல் மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே வந்தது. திரையின் அடியில் தண்ணீர் கசிந்து, மேட்டை நோக்கி நூலாக ஓடியது.

வேலிக்குக் கிடைத்த வருடம் முடிய ஒரு வாரம் இருக்கையில், வடக்கு அலை வரும் என்று துறையில் மறுபடி எச்சரிக்கை போட்டார்கள். அன்றைய முதல் படகு வந்து நின்றது. தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி இறங்கியது. பின்னால் தொப்பி வைத்த ஒரு வாத்தியார், நண்பிகள் நாலு பேர். எல்லோரும் சிரித்தபடி கையை நீட்டினார்கள். மதலேன் ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்து, நாடி எங்கே துடிக்கிறது என்று தடவிப் பார்த்து, பட்டையை இறுக்கினாள். அவர்களில் ஒருவர் மேலும் அவளுக்குக் கோபம் இல்லை.

வாத்தியாரின் கையை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

"தனியா வந்திருக்கீங்களா சார்?" என்று கேட்டாள்.