கல்யாண வாசலில் மலர்வளையம்

நீங்கள் ஒழுங்காகச் செய்து முடித்த வேலையை வேறொருவர் கெடுத்துவிட்டு, பழியை உங்கள் தலையில் கட்டினால் என்ன செய்வீர்கள்? பெர்னடெட் நேராகப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, மாதவியின் வீட்டுக் கதவை உள்ளங்கையால் அடித்தாள்.

கதவைத் திறந்தது குரு. மாதவி காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்தே ஓய்வு பெற்றவர். வாடகைக் கார் ஓட்டும் குரு, சவாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் இருப்பான். துப்புத் துலக்கச் சொல்லி மாதவியிடம் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம்.

"ஆன்டி, எங்க பூக்கடையில ஒரே ஒரு டேப்லெட்தான்," பெர்னடெட் உட்காராமலே சொன்னாள். "அதுல நோட்ஸ் ஆப்ப நான்தான் ரெடி பண்ணேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், அதுல அட்ரஸ். வேலைய தனியா எழுதி அந்தப் பக்கத்துக்கு லிங்க் குடுப்போம். டிரைவர் லோகன் அண்ணே லிங்க தட்டினா அட்ரஸ் வந்துரும். கூடவே என்ன வேலைன்னு ஒரு டேக். கல்யாணம், இல்லன்னா துக்கம்."

"அது எதுக்கு?"

"பாஸ் தம்புசாமிக்கு ரெண்டும் ஒட்டவே கூடாது. துக்கம்னா சாம்பல் கலர் வேன், கல்யாணம்னா வெள்ளை வேன். டேக்க பாத்துத்தான் லோகன் அண்ணே சாவி எடுப்பாரு. கல்யாண ஆர்டர வெத்தலை பாக்கு வச்சு பாஸ்தான் எழுதுவாரு. நாங்க தொடவே கூடாது."

போன மாதம் கிள்ளானில் வாலண்டைன் என்பவர் இறந்துபோனார். அடக்கத்தன்றே அவர் மனைவி குளோரியா மாத நினைவுக்கும் ஒரு மலர்வளையம் சொல்லி வைத்தார். பெர்னடெட் அன்றே அதை எழுதி, வாலண்டைன் பக்கத்துக்கு லிங்க் கொடுத்து, துக்கம் என்று டேக் போட்டாள். அந்த நினைவு நாள்தான் இன்று. மலர்வளையம் போய் இறங்கியதோ, கிள்ளானிலேயே வேறொரு தெருவில், ஒரு கல்யாண வீட்டு வாசலில்.

"கல்யாணப் பொண்ணோட மாமா போன்ல, 'சாவு வேன அனுப்பி சாபம் குடுக்கிறீங்களா'ன்னு கத்தினாராம். நான் சர்ச்ல பூசை முடிஞ்சு கடைக்குப் போனா, பாஸ் டேப்லெட்ட மூஞ்சிக்கு நேரா நீட்றாரு. லிங்க் கல்யாண வீட்டுக்குப் போகுது. டேக்கும் கல்யாணம்னு இருக்கு. 'வேதக்காரப் பொண்ணுக்கு நம்ம சடங்கு எப்படித் தெரியும்'னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு." அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். "நாளைக்குக் காலையில நான் பொண்ணு வீட்டுக்குப் போயி கால்ல விழணுமாம். இல்லன்னா பூக்கடைக்காரங்க குரூப்புல என் போட்டோவ போட்டு, யாரும் வேலை குடுக்காதீங்கன்னு எழுதுவாராம்."

"விழுந்துருவியா?" என்றான் குரு.

"உன் வேலையப் பாருலா."

குருவுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது.

மூவரும் கடைக்குப் போனபோது தம்புசாமி மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரக் கூட்டிட்டு வந்தாலும் காலையில நீ போயித்தான் ஆகணும்," என்றார் பெர்னடெட்டைப் பார்க்காமலே.

"டேப்லெட்ட ஒரு நிமிஷம் குடுங்க," என்றார் மாதவி. பிறகு லோகனிடம் திரும்பினார். "காலையில எந்த வேன் எடுத்தீங்க, லோகன்?"

"சாம்பல்."

"ஏன்?"

"துக்கம்னு டேக் போட்டிருந்துச்சே. வெள்ளை வேன்ல மலர்வளையம் ஏத்துனா பாஸ் என்னைத் தொலைச்சிருவாரு."

"போன எடத்துல கல்யாண வீடுன்னு தெரியலையா?"

"எல்லாரும் தூக்கம். வாழைமரம் இன்னும் கட்டல. கூடாரம் ரெண்டுக்கும் ஒண்ணுதானேக்கா. கேட்டுல சாச்சி வச்சிட்டு வந்துட்டேன்."

மாதவி தலையசைத்தார். "அப்ப லோகன் பாக்கும்போது டேக் துக்கம். பெர்னடெட் பாக்கும்போது கல்யாணம். நடுவுல லோகன் ரோட்டுல, பெர்னடெட் கோயில்ல. டேப்லெட் யார்கிட்ட இருந்துச்சு?"

தம்புசாமி கூடையிலிருந்து ஒரு மொட்டை எடுத்துக் கிள்ளினார்.

"லிங்க்? அவ தப்பாக் குடுத்ததுதானே அது?" என்றார்.

மாதவி கல்யாண வீட்டுப் பக்கத்தைத் திறந்து, அடிவரைக்கும் தள்ளிக் காட்டினார். "எந்தெந்த வேலை இந்தப் பக்கத்துக்கு லிங்க் ஆகியிருக்குன்னு ஆப் தானாவே கீழ காட்டும். இந்த மலர்வளையம் இருக்கு. அதுக்கு மேல இன்னொண்ணு: 'அடக்கம், வெள்ளை ரோஜா, முடிந்தது.' கல்யாண வீட்டுக்கு ஏதுங்க அடக்கம்? இது வாலண்டைனோட பக்கம். யாரோ அவர் பேரையும் அட்ரஸையும் அழிச்சிட்டு, அதே பக்கத்துல கல்யாண வீட்ட எழுதியிருக்காங்க. வீட்டுல ஆள் மாறினாலும் ரோடு அதே வீட்டுக்குத்தானே போகும். அவ குடுத்த லிங்க் சரி. கல்யாண ஆர்டர எழுதுறது நீங்க ஒருத்தர்தான்."

தம்புசாமி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "வெத்தலை பாக்கு வச்சு எழுத உக்காந்தா, செத்தவன் பேரு முன்னால வந்து நிக்குது. என்னால முடியல. அந்தப் பேர அழிச்சிட்டு, அதே பக்கத்து மேலயே எழுதிட்டேன். அடக்கம் முடிஞ்சிருச்சு, வேதக்காரங்களுக்கு அதோட சரின்னு நெனச்சேன்."

"சடங்கு தெரியாதது யாருக்கு?" குரு கத்திவிட்டான். "அவளுக்கா, உங்களுக்கா?"

"குரு, சும்மா இரு." மாதவியின் குரல் உயரவில்லை, ஆனால் தணிந்த அந்தக் குரலில் கோபம் இருந்தது. "பக்கத்த மாத்தினது தெரியாமப் பண்ண தப்பு. அத மன்னிச்சிரலாம். பொண்ணோட மாமா போன் பண்ணதும் உங்களுக்கு விளங்கிருச்சு. அப்புறந்தான் அவ தப்பாப் போட்ட மாதிரி டேக்க மாத்துனீங்க. ஒரு பொண்ணு சோத்துல மண்ணப் போடன்னு தெரிஞ்சே மாத்துனீங்க."



"குளோரியா வீட்டுக்கு யாராச்சும் போன் பண்ணீங்களா?" என்று கேட்டாள் பெர்னடெட். "அந்தம்மா கல்லறையில வெறுங்கையோட நின்னிருப்பாங்க. அவங்க கத்தல. அதனால யாருக்கும் ஞாபகம் வரல."

குருவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவைப் பற்றி அவனும் நினைக்கவில்லை.

"நாளைக்குக் காலையில கிள்ளானுக்கு நீங்க போங்க, பாஸ்," என்றாள் பெர்னடெட். "ரெண்டு வீட்டுக்கும். போகலன்னா குரூப்புல நான் எழுதுவேன்."

மறுநாள் காலை தம்புசாமி கல்யாண வீட்டில் மன்னிப்புக் கேட்டார். குளோரியா அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. பெர்னடெட் அதன்பின் அந்தக் கடைக்கு வேலைக்குப் போகவில்லை.