ஒரு ஆளுக்கு ஒரு வரி

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏசி அறைக்குள் பாய்ந்தாள் சந்தனம்.

கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

வாசலில் போலீஸ் ஜீப். அதற்குள் விலங்கோடு அவள் தம்பி மொக்கைச்சாமி!

"வெரசாப் பாரும்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்ல மாஜிஸ்ட்ரேட் எந்திரிச்சுப் போயிருவாரு" என்றார் இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி.

"செத்த இருங்க சார்... எந்தம்பி கொலைகாரன் இல்ல!"

நேற்று மதியம், ராஜபாளையத்தின் இதே பேண்டேஜ் துணிக் கம்பெனி குடோனில், முதலாளிகள் இருவரில் ஒருவரான பொன்னுராஜ் கழுத்து நெரிபட்டுக் கிடந்தார். காலையில் அவரோடு மல்லுக்கு நின்றவன் சேல்ஸ்மேன் மொக்கைச்சாமி!

அவன் சொன்னது ஒன்றுதான்.

"அந்நேரம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பிரவுசிங் சென்டர்ல நம்ம வெப்சைட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்!"

1999-ல் ஊருக்கே புதுசான வெப்சைட். பாஸ்வேர்டு போட்டு யார் நுழைந்தாலும் பெயர், இடம், நேரம் மூன்றும் ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், பதிந்துவிடும். அந்த டேபிளை வடிவமைத்தவளே சந்தனம்தான்.

திரை மின்னியது.

மொக்கைச்சாமி... ஸ்ரீவில்லிபுத்தூர்...

நேரம்? இன்று காலை!

"இன்னிக்கா! அவன் லாக்கப்புல இல்ல கெடந்தான்?"

"அது நான்தாம்மா!" என்றார் உக்கிரபாண்டி. "அவன் பாஸ்வேர்டை வாங்கி அதே சென்டர்ல போட்டுப் பாத்தேன். நெசமாவே பதியுதான்னு டெஸ்ட் பண்ண வேணாமா?"

சந்தனத்தின் முகம் வெளிறியது.

"போச்சே சார்! ஒரு ஆளுக்கு ஒரு வரிதான் வச்சிருக்கேன். மறுக்கா வந்தா பழைய நேரத்து மேலயே எழுதிரும்!"

"வர்ற தடவைக்கெல்லாம் ஒரு வரி வச்சா கொறஞ்சா போயிருவே?"

"டிஸ்க் பத்தாதுன்னு..."

"வேற காப்பி எடுத்து வைக்கலியா?"

"வாரத்துக்கு ஒருக்காத்தான் எடுப்போம். நாளைக்குத்தான் சார் அந்த நாள்!"

உக்கிரபாண்டி தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஜீப் உறுமியது. "அக்கா..!" என்ற அலறல்.

சந்தனம் ஓடிப்போய் ஜீப்பின் கம்பியைப் பிடித்தாள்.

"சார், டெஸ்ட் பண்ணச் சொன்னது யாரு?"

"உங்க இன்னொரு மொதலாளி சுப்புராஜ்தான். பையன் தப்பிக்கணுமேன்னு அவியளுக்கு எம்புட்டு அக்கறை!"

சந்தனத்துக்குச் சட்டென்று புரிந்தது.

ஒரு ஆளுக்கு ஒரு வரி போதும் என்று அவளிடம் சொன்னவரே சுப்புராஜ்தான்! மறுபடி நுழைந்தால் பழையது அழியும் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்... அவளும், அவரும்!

"சார்... கொன்னது அவருதான்!"

"சாட்சி?"

அவள் உள்ளே இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

உக்கிரபாண்டி சிரித்தார்.

"அதுவா? அதுக்கு நேத்து நடந்ததே ஞாபகம் இல்லியேம்மா!"