சசிதர் சேர்க்காத வரி

கம்ப்யூட்டர் மெனுவில் சசிதர் சேர்க்காத ஒரு வரி இருந்தது. ஆறுச்சாமி.

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. கணபதி பகுதியில் இருந்த அந்தப் பட்டறையில் தன்னைத் தவிர மற்றவர்களெல்லாம் ஸ்பானர் பிடிக்க மட்டுமே பிறந்தவர்கள் என்பது சசிதரின் முடிவு. பஞ்சில் சிக்கெடுக்கும் மெஷினுக்குள் ஃபிட்டர் ஆறுச்சாமி இறங்கும்போது சுவிட்சில் துண்டைக் கட்டிவிட்டு இறங்குவார். துண்டு இருந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். போன மாதம் சசிதர் அந்தச் சுவிட்சையே பிடுங்கிப்போட்டு, மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டான். அவன் புரோகிராம் எழுதும் எடிட்டரில் ‘பில்ட்’ என்று ஒரு மெனு, அதற்குள் ‘மெஷின்’, அதற்குள் ‘ஓட்டு’, ‘நிறுத்து’. உள்ளே இறங்குகிறவர், அதற்கென்று வைத்த பட்டியலில் தன் பெயரை டைப் செய்தால் ‘மெஷின்’ மொத்தமாக மறைந்துவிடும்; யாரும் ஓட்ட முடியாது.

“எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாதுங்களே,” என்றார் ஆறுச்சாமி.

“கத்துக்குங்க. துண்டு கட்டற காலமெல்லாம் போச்சு.”

கற்றுக்கொண்ட லட்சணம் இதுதான் போலும். பட்டியலில் எழுதாமல் மெனுவில் எழுதி வைத்திருக்கிறார். பட்டியல் காலி. சசிதர் ‘ஓட்டு’ என்பதை அழுத்தினான்.

தடுப்புக்கு அப்பால் மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. வழக்கமான எண்ணெய் வாசனையோடும் மதிய வெயிலில் மிதந்த பஞ்சுத் தூசியோடும், முடி கருகுவதுபோல ஒரு நாற்றம் மெல்லக் கலந்து வந்தது. அந்தப் புது வரியைத் திறந்தான். உள்ளே ‘விரல்’. அதற்குள் ‘மணிக்கட்டு’. அதற்குள் ‘முழங்கை’. திறக்கத் திறக்க அடுக்கு நீண்டது.

இவ்வளவு எழுத அந்த ஆளுக்குத் தெரியாது.

“ஆறுச்சாமி, எங்கிருக்கீங்க?”

“உள்ளதானுங்க.”

குரல் மெஷினிலிருந்து வந்தது. அமைதியாக. மரியாதையாக.

சசிதர் அவசரமாக ‘நிறுத்து’ என்பதைத் தேடினான். பட்டியலில் இப்போது ஆறுச்சாமியின் பெயர் இருந்தது. அதனால் ‘மெஷின்’ மறைந்திருந்தது. ‘நிறுத்து’ அதற்குள். ஆள் உள்ளே இருக்கும்போதுதான் அது வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. பெயரை அழித்தான். திரும்ப வந்தது. அழித்தான். வந்தது.

“சிரமப்படாதீங்க. இன்னுங் கொஞ்சந்தானுங்க.”

மெனு தானாக விரிந்தது. ஒரே வரி. சசிதர். அதற்குள் ‘விரல்’.

எழ முயன்றான். கைகள் வரவில்லை. குனிந்து பார்த்தான். வலியே இல்லை. அவனுடைய பத்து விரல் நுனிகளிலிருந்தும் வெள்ளை வெளேரென்ற பஞ்சு, சிக்கில்லாமல், மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.