நீர்த்துப்போன திரவம்

கார்த்திகை மழை அடையாற்றின் மேல் ஓயாத ஓதலைப்போல இறங்கிக்கொண்டிருந்தது. முகத்துவாரம் சாம்பல் நிறத்தில் அடங்கிக் கிடந்தது. ஆலமரங்கள் தலைகவிழ்ந்து நின்றன.

அம்மழையில் நனைந்தபடி, துப்பறிவாளர் பஞ்சாட்சரத்தின் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தார் ரசாயன ஆய்வாளர் சண்முகவடிவு.

"என் உதவியாளன் ரகுபதி ஆய்வைக் கெடுத்துவிட்டான். மாலையில் அவனை நீக்கச் சொல்லப்போகிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை."

மூவரும் போய்ச் சேர்ந்த அடையாற்று ஆய்வுக்கூடத்தில், எண்ணெய் தோய்ந்த மணல் நிறைந்த குழாயும் அருகே ஒரு கண்ணாடிக் கலமும் இருந்தன.

"நிலத்தடிப் பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் ஒளிந்திருக்கிறது" என்று விளக்கினார் சண்முகவடிவு. " வெறும் நீரைச் செலுத்தினால் அதை விட்டுவிட்டு முந்தி ஓடிவிடும். பாலிமர் என்ற தூளைக் கரைத்த நீரோ தேனாகத் தடித்து, எண்ணெயை முன்னே தள்ளிக்கொண்டு போகும். நேற்று எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகள் வியந்து நின்றார்கள். இன்று கலத்தில் இருப்பது தண்ணீர்போல நீர்த்துவிட்டது! யாரோ உப்பிட்டிருக்கிறார்கள். உப்புப் பட்டால் பாலிமரின் நீண்ட சரங்கள் சுருண்டுவிடும். அது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்."

"நான் தொடவேயில்லை, அம்மா" என்றான் சுவரோரம் நின்ற ரகுபதி.

"காபி ஆறுவதற்குள் கேஸ் முடிந்தது, சார்!" என்று துள்ளினான் பஞ்சாட்சரத்தின் துணைவன் ஜவஹர்.

"காபியை ஆறவிடு" என்று குனிந்தார் பஞ்சாட்சரம். கலத்தின் கழுத்தில் குங்குமப் பொட்டு. மேசையடியில் கல்லுப்புப் பரல்கள். அலமாரியில் ஆய்வுக்கூடத்துப் பொடியுப்பு ஜாடி, முத்திரை உடையாமல்.

"கெடுக்க வந்தவன் கைக்கெட்டும் ஜாடியை விட்டுச் சமையல் உப்பைத் தேடுவானா? கெடுக்கும் கலத்துக்குப் பொட்டு வைப்பானா? இதைச் செய்தவர் உப்பின் குணம் அறியாதவர். இந்த ஆய்வின்மேல் அன்பு கொண்டவர்." வாசலில் துடைப்பத்தோடு நின்ற, கூடம் பெருக்கும் செண்பகத்தை நோக்கினார். "அம்மா, நேற்று திருஷ்டி கழித்தீர்களா?"

"ஆமா சார். வந்தவங்க அத்தினி பேரும் வாயப் பொளந்து பாத்துக்கினு நின்னாங்க. அம்மா பட்ட பாட்டுக்குக் கண்ணு பட்டுடக் கூடாதேன்னு உப்பு சுத்தினேன். தண்ணில கரைச்சாத்தானே கண்ணும் கரையும்? அதுல இருந்ததும் தண்ணிதானே... இன்னா ஆச்சு சார்?"

சண்முகவடிவின் கண்கள் கலங்கின. "ரகுபதி, உன்மேல் வீண்பழி போட்டேன். மன்னித்துவிடு."

"முதலில் புதுக் கரைசல் கலக்குவோம், அம்மா."

கலக்கினார்கள். தடித்த நீர் மணலுக்குள் மெல்ல நுழைந்தது. அதன் முன்னே கரிய எண்ணெய் திரண்டு, ஒரு கோடாகி, நகர்ந்தது. மனிதன் பிறக்குமுன்பே இருளில் உறங்கத் தொடங்கிய பொருள், ஒரு பிடி தூளின் அழைப்புக்கு எழுந்து வந்தது. ஜவஹர் குழாயருகே குனிந்து பார்த்தான்.

குழாயின் மறுமுனையில் எண்ணெயின் முதல் துளி விழுந்தபோது, பஞ்சாட்சரம் செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டுக் கைகூப்பினார்.

செண்பகம் ரகுபதியின் தலையில் கை வைத்தாள். "நீ நல்லா இருப்பே, நைனா."